குடும்பப் பக்கம்: கம்பும் காலடியும்

சித்தூரில் குடியேறி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக வாழ்ந்துவரும் தாயார் ஒருவர் இம்மாதம் நம் பக்கத்துக்கு நீண்ட கடிதம் ஒன்று விடுத்திருக்கிறார். அவருடைய மகளுக்குப் பன்னிரண்டாம் வயது நடக்கிறது. அவள் படிக்கும் பள்ளியில் ‘பெஞ்சாக் சிலாட்’ என்னும் தற்காப்புக் கலையை இவ்வாண்டு முதல் கற்பிக்கிறார்களாம். இந்தோனேசியா, மலேசியா நாடுகளின் கலை அது. போட்டி உண்டு, சான்றிதழ் உண்டு, கட்டணமும் உண்டு. பெண்ணுக்கு அதில் மிகுந்த ஆசை. தாத்தாவோ, நகரிப் பக்கத்தில் பகலில் தறி நெய்து மாலையில் பிள்ளைகளுக்குச் சிலம்பம் சொல்லிக்கொடுக்கும் முதிய வாத்தியார் ஒருவரிடம் பேத்தியை அனுப்பவேண்டும் என்கிறார். நம் கலை இருக்க அயல்நாட்டுக் கலை எதற்கு என்பது அவர் கட்சி. பாட்டியம்மாளுக்கு இரண்டிலுமே விருப்பம் இல்லை. பெண் பிள்ளைக்குக் கம்பு எதற்கு, உதை எதற்கு என்று கேட்கிறார். ‘மூவருக்கும் நடுவே நான் அகப்பட்டுக்கொண்டேன். தாங்கள்தாம் ஒரு வழி சொல்லவேண்டும்’ என்று கடிதத்தை முடித்திருக்கிறார் அந்தச் சகோதரி.

பாட்டியம்மாளின் கேள்விக்கு முதலில் விடை கூறிவிடுகிறேன், அது எளிது. பன்னிரண்டு வயதுப் பெண் பேருந்தில் பள்ளிக்குப் போகிறாள். மாலையில் தனி வகுப்பு முடிந்து இருட்டில் வீடு திரும்புகிறாள். அவள் தோளும் மணிக்கட்டும் உரம் பெறுவதால் கெடுவது ஒன்றும் இல்லை. சிலம்பக் களத்திலும் சிலாட் களத்திலும் இன்று பெண்களுக்கெனத் தனிப் போட்டிகள் நடைபெறுகின்றன. 2018ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் சிலாட் இடம்பெற்றபோது மகளிர்க்கும் தனியே பதக்கங்கள் இருந்தன. பாட்டியம்மாள் ஒரு நாள் நேரில் சென்று பயிற்சியைக் கண்டுவரட்டும். கேட்டு மறுப்பதைவிடப் பார்த்து மறுப்பது நல்லதன்றோ?

தாத்தாவின் கட்சிக்கு விடை கூறுவதுதான் சற்றுக் கடினம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ‘அயல்’ என்னும் சொல்லை அவ்வளவு விரைவில் சொல்லிவிட இயலாது.

ஆந்திர மாநிலத்தின் ஊர்களாக நாம் இன்று எண்ணும் சித்தூரும் திருப்பதியும் 1911ஆம் ஆண்டு வரையில் வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்தவை. அந்த ஜில்லாவுக்குத் தலைமையிடமே சித்தூர்தான். அக்காலத்தில் மலாயாவின் கரும்பு, காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தஞ்சை, திருச்சி, சேலம் ஜில்லாக்காரர்களோடு வட ஆர்க்காட்டுக்காரர்களும் பெருந்தொகையாக இருந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. மூட்டையில் அவர்கள் கட்டிச்சென்ற பொருள்கள் மிகச் சில. உடம்பில் கொண்டுசென்றவை அவற்றினும் பல. சிலம்பம் அவற்றுள் ஒன்று. பால்மரம் வெட்டி முடித்த மாலை வேளைகளில், லயங்களுக்குப் பின்னால் உள்ள வெட்டவெளியில், மாரியம்மன் திருவிழா நெருங்க நெருங்கக் கம்பு சுழன்றது. இன்றும் மலேசியாவில் சிலம்பத்துக்குக் கழகங்களும் போட்டிகளும் உண்டு. ‘நிலைக்கலக்கி’ என்னும் முறையை அங்கே பேணி வருகிறார்கள்.

அதே மண்ணில், தோட்டத்துக்கு வெளியே இருந்த கம்பத்து வீடுகளில், மலாய்க்காரர்கள் சிலாட் பயின்றார்கள். அவர்களுடைய திருமணங்களில் மணமக்களுக்கு முன்னே சிலாட் ஆடிக் காட்டுவது ஒரு மரியாதை. ஆக, இவ்விரு கலைகளும் நூறாண்டுக்கு மேலாக அண்டை வீட்டுக்காரர்கள். நம் சகோதரியின் மகள் சித்தூரில் கற்கப்போகும் ‘அயல்’ கலைக்குப் பக்கத்தில், இதே சித்தூரைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த ஜில்லாவின் மக்கள் மூன்று நான்கு தலைமுறை வாழ்ந்திருக்கிறார்கள்.

உறவு அதற்கும் முற்பட்டதுதான். சுமத்ராத் தீவின் பாருஸ் என்னும் துறைமுகத்தருகே 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அதைப் பொறித்தவர்கள் ‘ஐந்நூற்றுவர்’ என்னும் வணிகக் குழுவினர். இத்தகைய வணிகர் தம் சரக்குக்குக் காவலாக ஆயுதம் தாங்கிய வீரர்களை உடன் வைத்திருந்தார்கள். கப்பல் என்னும் நம் சொல் மலாய் மொழியில் ‘கப்பால்’ ஆயிற்று; கடை ‘கெடாய்’ ஆயிற்று; முதல் ‘மோடால்’ ஆயிற்று. இவற்றையெல்லாம் காட்டி, சிலம்பமே சிலாட் ஆயிற்று என்று மேடையில் முழங்குவோர் உளர். ஓசை ஒத்திருப்பது சான்று ஆகாது. கப்பலில் சரக்கு ஒரு பக்கமாக மட்டும் போவதில்லை. மினாங்கபாவு மக்களும் சாவகத்தாரும் சீனரும் தத்தம் முறைகளைக் கொண்டுவந்து சேர்த்த கலை சிலாட். எல்லாம் நம்மிடமிருந்தே போயின என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தால், அவர்கள் பெருமையைக் கற்பார்கள், கலையைக் கற்கமாட்டார்கள்.

சரி, சிலாட் என்பதுதான் என்ன? கடிதத்தில் இந்தக் கேள்வி இல்லை. ஆயினும் இதை அறியாமல் நல்லது கெட்டது சொல்வது முறையன்று.

மேற்குச் சுமத்ராவில் வாழும் மினாங்கபாவு மக்கள் இக்கலையைச் ‘சிலெக்’ என்பார்கள். அங்கே பழங்காலத்தில் சிறுவர்கள் வயது வந்ததும் இரவில் வீட்டில் உறங்குவதில்லை. ஊர்த் தொழுகைக் கூடத்தில் தங்குவார்கள். பகலில் ஓதுவதும் இரவில் சிலெக் பழகுவதும் அவர்களுடைய கல்வி. அதிலிருந்து ‘ரண்டாய்’ என்னும் கூத்து பிறந்தது. ஆடுவோர் வட்டமாக நின்று, சிலெக்கின் அடிகளையே வைத்துச் சுற்றிவந்து, இடையிடையே பாட்டாலும் பேச்சாலும் கதை நடத்துவார்கள். சித்தூர்ச் சீமையில் துரௌபதியம்மன் கோயில்களில் பகலெல்லாம் பாரதம் கேட்டு, இரவெல்லாம் கூத்துப் பார்த்து வளர்ந்த நம்மவர்களுக்கு இது புதிதாகத் தோன்றுமா?

சிலாட்டில் முதற்பாடம் ‘லங்காஹ்’. அடிவைப்பு என்று பொருள். மூன்றடி வைப்பு, நான்கடி வைப்பு என்று கால் பழகிய பிறகே கை. அடுத்து இரண்டு சொற்கள் வரும். ஒன்று ‘பூங்கா’, நம் செவிக்குச் சோலையாக ஒலித்தாலும் மலாயில் அதற்குப் பூ என்று பொருள். மற்றொன்று ‘புவா’, கனி. பூ என்பது கைகளை விரித்தும் மடக்கியும் நடனம்போல் ஆடிக்காட்டும் அழகு. கனி என்பது அதே அசைவினுள் மறைந்திருக்கும் பிடி, பூட்டு, வீழ்த்தல். பூவை மட்டும் கற்றவன் திருமணப் பந்தலில் ஆடலாம். கனியைக் கற்றவனே தன்னைக் காத்துக்கொள்வான். நல்ல ஆசான் பூவைக் காட்டிவிட்டுக் கனியை எளிதில் கொடுக்கமாட்டார்.

இந்தோனேசியாவில் 1948ஆம் ஆண்டு சூரக்கார்த்தா நகரில் இக்கலைக்கெனத் தேசியச் சங்கம் அமைந்தது. 1980இல் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர், புரூணை ஆகிய நான்கு நாடுகளும் கூடி அனைத்துலகச் சங்கம் கண்டன. 2019 டிசம்பரில் யுனெஸ்கோ நிறுவனம் இந்தோனேசியாவின் பெஞ்சாக் சிலாட் மரபையும் மலேசியாவின் சிலாட்டையும் மனிதகுலத்தின் பண்பாட்டுச் செல்வங்களாகப் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் 2023ஆம் ஆண்டு கோவாவில் நடந்த தேசிய விளையாட்டுப் போட்டிகளில் அது இடம்பெற்றது. சித்தூரில் ஒரு பள்ளிக்கு வந்து சேர்ந்ததும் இந்த வழியில்தான் போலும்.

தாயார் கவலைப்படுவதற்காக ஒன்று சொல்லவேண்டும். போட்டிச் சிலாட் பத்து மீட்டர்ச் சதுர விரிப்பின்மேல், மார்புக் கவசம் அணிந்து ஆடுவது. கையடிக்கு ஒரு புள்ளி, உதைக்கு இரண்டு, எதிராளியை வீழ்த்தினால் மூன்று. கழுத்துக்கு மேலே அடிக்கக் கூடாது. தனியாள் வரிசை என்று இன்னொரு பிரிவும் உண்டு. எதிராளி இல்லாமல், வரையறுத்த அசைவுகளை மூன்று நிமிடத்தில் செய்துகாட்டவேண்டும். அதில் முதலில் வெறுங்கை, பிறகு வெட்டுக்கத்தி, கடைசியில் ஒரு நீண்ட கோல்! தாத்தாவிடம் இதைச் சொல்லுங்கள். பேத்தி எந்த வழியில் போனாலும் கைக்குக் கம்பு வந்துவிடும்.

இனி நகரி வாத்தியாரிடம் வருவோம்.

சிலம்பத்திலும் முதற்பாடம் கால்தான். நிலை, காலடி, சுவடு என்று வாத்தியார்கள் படிப்படியாகச் சொல்லுவார்கள். கம்பைக் கையில் கொடுக்குமுன் மாதக்கணக்கில் வெறுங்காலோடு அடிவைக்கச் செய்தவர்கள் உண்டு. காரணம் இல்லாமலில்லை. கம்பு சுழல்வது மணிக்கட்டால். ஆனால் அதற்கு வேகம் ஏறுவது இடுப்பும் காலும் திரும்புவதால். கால் ஊன்றி நின்றவனுடைய கணுக்காலைத் தேடித்தான் எதிராளியின் கம்பு முதலில் வரும். வீச்சு, வெட்டு, குத்து, தடை எல்லாம் அதற்கப்பால். ஆட்டத்தைத் தொடங்குமுன் மண்ணையும் ஆசானையும் அவையையும் வணங்கும் வணக்க வரிசை ஒன்று உண்டு. சிலாட்காரர்களும் களத்தில் இறங்கியதும் இரு கை கூப்பி ‘செம்பா’ என்னும் வணக்கம் செய்தே தொடங்குகிறார்கள்.

இதே கலையைத் தெலுங்கு மக்கள் ‘கர்ர சாமு’ என்பார்கள். கர்ர என்றால் கம்பு. சாமு என்றால் பயிற்சி. நாம் அடி என்பதை அவர்கள் அடுகு என்பார்கள். நகரி, புத்தூர்ப் பக்கங்களில் ஒரே தெருவில் இரு மொழியும் பேசுவதால், ஒரே களத்தில் இரு மொழிப் பிள்ளைகளும் கம்பு சுழற்றலாம். திருத்தணி 1960ஆம் ஆண்டு சென்னை மாநிலத்துக்கு வந்தது. நகரி ஆந்திரத்தில் நின்றது. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது, கம்பைப் பிரிக்கவில்லை.

சிலம்பத்துக்கும் இப்போது அரங்கம் கிடைத்துவருகிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அதைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்தார்கள். பிலிப்பீன் நாட்டார் தங்கள் பிரம்புக் கலையான ஆர்னிஸை 2009இலேயே சட்டம் இயற்றித் தேசிய விளையாட்டாக்கிவிட்டார்கள். நாம் அவ்வளவு தூரம் வரவில்லை. ஆனாலும் கம்புக்கு மதிப்பு வந்துவிட்டது. மதிப்போடு வணிகமும் வந்துவிட்டது.

இங்கேதான் எனக்கு உண்மையான அச்சம். சிலம்பமோ சிலாட்டோ, அதன் பெயரால் சான்றிதழ் விற்பவர்கள் பெருகியிருக்கிறார்கள். ஆறு வயதுக் குழந்தையைப் பானைமேல் நிறுத்தியும், கண்ணைக் கட்டியும், மணிக்கணக்கில் ஓயாமல் கம்பு சுழற்றச் செய்து ‘உலக சாதனை’ என்று கேடயம் கொடுக்கிறார்கள். பெற்றோரிடம் பணமும் வாங்குகிறார்கள். குழந்தையின் தோள்மூட்டு என்ன ஆகும் என்று எவரும் கேட்பதில்லை. ஒரே சுழற்சியை மூன்று மணி நேரம் செய்கிற பிள்ளைக்கு ஒரு தடையடி கூடத் தெரிவதில்லை. பூவிலும் இது காகிதப் பூ. நம் குடும்பங்கள் இதற்கு ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது என்பதே என் துணிபு. மேற்படிப்புக்கோ வேலைக்கோ சான்றிதழ் பயன்படும் என்று எவரேனும் கூறினால், அதைத் தரும் சங்கத்துக்கு மத்திய விளையாட்டு அமைச்சகத்தின் அங்கீகாரம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். ஒரே கலைக்குப் பல சங்கங்கள் இருக்கின்றன. எல்லாச் சங்கத்தின் தாளும் ஒரே எடை அல்ல.

ஆசிரியரைத் தேர்வது எப்படி என்று கேட்டால், கேடயங்களை எண்ணவேண்டாம். முதல் மாதத்தில் அவர் பிள்ளையின் காலைப் பார்க்கிறாரா, கையைப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். சிலாட் ஆசிரியராயினும் சிலம்ப வாத்தியாராயினும் இந்தச் சோதனை ஒன்றே போதும். காலைப் பார்ப்பவர் அவசரப்படாதவர்.

இரண்டு கலைகளும் இத்தனை நெருக்கம் என்றால், பக்கத்திலேயே பள்ளியில் கிடைப்பதை விட்டு நகரிக்கு ஏன் போகவேண்டும் என்று சகோதரி கேட்கக்கூடும். அதற்குக் காரணம் ஒன்று இருக்கிறது. அது கலையைப் பற்றியதன்று.

கடிதத்தில் அவர் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரி என் மனத்தை விட்டு அகலவில்லை. மகள் தமிழ் பேசுவாளாம்; எழுதப் படிக்கத் தெரியாதாம். பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும். வீட்டில் மட்டும் தமிழ். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றில் இதுதான் நிலை. வீட்டுத் தமிழ் என்பது ‘சாப்பிட்டாயா, குளித்தாயா, எப்போது வந்தாய்’ என்னும் அளவோடு நின்றுவிடுகிறது. தாயும் தந்தையும் பாட்டியும் பேசும் மொழியாக மட்டும் இருக்கும் ஒன்றைப் பிள்ளைகள், வளர வளர, வீட்டுப் பழக்கமாகவே எண்ணுகிறார்கள். அறிவு தரும் மொழியாக எண்ணுவதில்லை. அவர்கள்மேல் குற்றம் இல்லை. தெரியாத ஒன்றைத் தமிழில் அவர்களுக்கு எவரும் கற்பித்ததே இல்லை.

அந்த வாத்தியார் அதைத்தான் செய்வார். ‘வலக்காலை எடுத்து இடப்புறம் வை, கம்பின் நுனியைப் பார்க்காதே, அவன் தோளைப் பார், வாங்கி அடி, ஏந்தி அடி’ என்று அவர் சொல்லும்போது, ஒவ்வொரு வினைச்சொல்லும் அவள் உடம்பில் போய் உட்காரும். தவறாகக் கேட்டால் முட்டியில் ஓர் அடி விழும், பிறகு மறக்காது. வாங்குதல், ஏந்துதல், ஒதுங்குதல், தணிதல் ஆகியவற்றின் வேறுபாட்டை எந்தப் பாடநூலும் அவளுக்கு இவ்வளவு விரைவில் புரியவைக்க முடியாது. உறவினர் அல்லாத ஒருவரிடமிருந்து, அவளே விரும்பிக் கற்கும் ஒன்றை, தமிழில் கேட்கும் வாய்ப்பு அவளுக்கு இதுவே முதலாவதாக இருக்கலாம்.

ஆகவே சகோதரிக்கு நான் சொல்லும் வழி இது. பள்ளியில் சிலாட் வகுப்பில் பெண்ணைச் சேர்த்துவிடுங்கள். ஆசை அவளுடையது, அதைத் தடுத்துவிட்டுக் கம்பைக் கையில் திணித்தால், கம்பின்மேலும் வெறுப்பு வரும். நகரி போய்வர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுதும் செலவாகும் என்பதை அறிவேன். வாரந்தோறும் வேண்டாம்; மாதம் இரு முறை போதும். கோடை விடுமுறையில் அங்கேயே உறவினர் வீட்டில் சில வாரம் தங்கட்டும். துணைக்குத் தாத்தாவே போகட்டும். கட்சி அவருடையதாயிற்றே! பேருந்தில் போகவர நாலு மணி நேரம் பேத்தியோடு பேசிக்கொண்டிருப்பது அவருக்கும் கசக்காது. ஆனால் அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று மட்டும் தள்ளிவைக்காதீர்கள். பள்ளி வகுப்பு அடுத்த ஆண்டும் இருக்கும். வாத்தியாருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது என்று தாங்களே எழுதியிருக்கிறீர்கள்.

அடி படாமல் எந்தக் கலையும் வராது. விரல் முட்டியிலும் முழங்கையிலும் சிறு வீக்கம் வரும். குளிர்ந்த நீர்த் துணி வைத்து ஓய்வு கொடுத்தால் போகும். வீக்கம் இரண்டு நாளில் வடியாவிட்டாலும், கையை ஊன்ற முடியாவிட்டாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். புத்தூர்க் கட்டுக்குப் புகழ்பெற்ற புத்தூரே அந்த வழியில்தான் இருக்கிறது என்று தாத்தா சொல்வார். தமிழ்நாடு முழுவதும் அந்தப் பெயரில் பலகை தொங்கும் அளவுக்குப் பேர்போன வைத்தியம் அது என்பதில் ஐயமில்லை. வளரும் பிள்ளையின் எலும்பு முனையில் முறிவு இருந்தால் அது வெளியே தெரியாது. முதலில் படத்தைப் பார்த்த மருத்துவர் சொல்லட்டும், கட்டு பிறகு.

கம்பைக் கடையில் வாங்கவேண்டாம். வாத்தியாரே அவளை நேராக நிற்கவைத்து, நெற்றி உயரத்துக்கு அளந்து, மூங்கிலைத் தேர்ந்து வெட்டி, அனலில் வாட்டி நிமிர்த்தித் தருவார். பேருந்தில் கம்போடு ஏற நடத்துநர் முணுமுணுத்தால், அதைத் தூக்கிக்கொண்டு அலையவேண்டியதில்லை. தறிக்கூடத்து மூலையில் மற்றப் பிள்ளைகளின் கம்புகளோடு அதையும் சாய்த்துவைத்துவிட்டு வரலாம். வீட்டில் பழக ஒரு துடைப்பக் கழி போதும், விளக்குகளைத் தள்ளிவைத்துக்கொள்ளுங்கள்.